வட்டத்தை அளந்த பேரறிஞர்

வண்டிச் சக்கரமும் வட்டம்; குயவன் திகிரியும் வட்டம். வட்டங்கள் அளவால் வேறுபடினும், விட்டத்தைப் போலப் பரிதி எத்தனை மடங்கு என்று நோக்கின், அவை யாவும் ஒரு தன்மையனவே. அது மூன்று மடங்கினும் சற்று மிகும். அம்மிகுதியின் எல்லையைத் தக்க சான்றுடன் வரையறுத்துக் காட்டியவருள், நாம் அறிய முதல்வர் ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்கப் பேரறிஞர் ஆவர்.

மத்தியதரைக் கடலில் உள்ள சிசிலித் தீவின் கீழ்க்கரையில் சிராக்கூஸ் என்னும் நகரம் உளது. கிரேக்கர் குடியேறி வாழ்ந்த அந்நகரில், கி.மு. 287ஆம் ஆண்டையொட்டி ஆர்க்கிமிடீஸ் பிறந்தார். அவர்தம் தந்தையார் வானநூல் வல்லவர். அக்காலத்தே கலைகளுக்கு உறைவிடமாய் விளங்கியது எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா. அந்நகரத்து அறிஞர்களோடு ஆர்க்கிமிடீஸ் நட்புப் பூண்டு, தாம் கண்ட உண்மைகளை அவர்களுக்கு எழுதி விடுத்தார். நெம்புகோலின் இயல்பையும், நீரில் மிதக்கும் பொருள்களின் இயல்பையும் ஆராய்ந்து நூல் செய்தார். ஆயினும் அவர் உள்ளம் பெரிதும் தோய்ந்தது வடிவ கணிதத்திலேயே ஆகும்.

பாபிலோனியரும் எகிப்தியரும் பரிதிக்கு ஒருவாறு அளவு கொண்டிருந்தனர். அவ்வளவுகள் தொழிலுக்குப் போதியனவாயினும், அவற்றில் உள்ள பிழை எவ்வளவு என்பது விளங்கவில்லை. வளைந்த கோட்டின்மேல் நேரிய அளவுகோல் பொருந்தாது. கயிறு சுற்றி அளப்பின், கயிற்றின் பருமனும் கையின் தளர்ச்சியும் பிழை விளைக்கும்.

ஆர்க்கிமிடீஸ் கயிற்றை நாடினாரல்லர்; அறிவையே கருவியாகக் கொண்டார். வட்டத்தின் உள்ளே, முனைகள் அதனைத் தொடுமாறு ஓர் ஒழுங்கான அறுகோணம் அமைத்தார். புறத்தே, பக்கங்கள் அதனைத் தொடுமாறு மற்றோர் அறுகோணம் அமைத்தார். உட்கோணத்தின் சுற்றளவினும் பரிதி மிகுந்திருக்கும். புறக்கோணத்தின் சுற்றளவினும் குறைந்திருக்கும். உள்ளே அமைந்த அறுகோணத்தின் பக்கம் ஒவ்வொன்றும் ஆரத்திற்குச் சமம். ஆதலின் ஆறு பக்கங்களும் சேர்ந்து விட்டத்தின் மும்மடங்காகும். புறத்தே அமைந்ததோ மூன்றரை மடங்கிற்குச் சிறிது குறைவு.

பின்னர்ப் பக்கங்களை இரட்டித்து, 12, 24, 48, 96 என உயர்த்திக்கொண்டே சென்றார். உயருந்தோறும் இருபுறமும் வட்டத்தை நெருங்கி வந்தன. கிரேக்கர் எழுத்துகளையே எண்களாக வழங்கிய காலம் அது. தசமப் புள்ளியும் இல்லை. பின்னங்களையும் வர்க்கமூலங்களையும் அவர் அயராது கணித்தார். முடிவில், பரிதி விட்டத்தின் 3 10/71 மடங்கினும் மிகுதி, 3 1/7 மடங்கினும் குறைவு என நிறுவினார். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 1/497 மட்டுமே. விட்டம் 497 முழமாயின், பரிதியைப் பற்றிய ஐயம் ஒரு முழத்திற்குள் அடங்கிவிடும்! மாணவர் இன்று வழங்கும் 22/7 என்பது அவர் கண்ட மேலெல்லையே. அதனையே முடிந்த விடை என்று அவர் கூறினாரல்லர்.

முதுமையில் அவர் நகரை உரோமர் முற்றுகையிட்டனர். ஆர்க்கிமிடீஸ் அமைத்த பொறிகள் பகைவர் கப்பல்கள்மீது கற்களை வீசி அவர்களைத் தடுத்தன. எனினும் கி.மு. 212இல் நகர் வீழ்ந்தது. வடிவம் ஒன்றில் ஆழ்ந்திருந்த அம்முதியவரைப் போர்வீரன் ஒருவன் வெட்டி வீழ்த்தினான் என்பர். அது கேட்டு உரோமப் படைத்தலைவன் மார்செல்லஸும் வருந்தினான். உருளையும் அதனுள் அடங்கிய கோளமும் அவர் கல்லறையில் பொறிக்கப்பெற்றன. கி.மு. 75இல் சிசரோ என்னும் உரோமர் தேடிய காலத்தில், அது முட்புதர் மூடிக் கிடந்தது. ஊராரும் அதனை மறந்திருந்தனர்.

அவர் வகுத்த நெறி மறையவில்லை. 1706இல் வில்லியம் ஜோன்ஸ் என்பார் அம்மடங்கிற்குப் ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தைக் குறியாக்கினார். 1761இல் லாம்பர்ட் என்பார், எப்பின்னத்தாலும் அதனை முற்றக் கூற இயலாது என நிறுவினார். அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு என எல்லை வகுத்த ஆர்க்கிமிடீஸின் நேர்மை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு மெய்ப்பட்டது. தன் அறிவின் எல்லையை உணர்ந்து உரைப்பதும் அறிவே அன்றோ!