மலையடியில் நின்றவர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம் பௌதிக லேப்பும், அங்கே இறுதியாண்டு வைவாவில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி. தண்ணீரில் முழுக மூழ்கிய ஓர் இரும்புத் துண்டை இன்னும் ஆழத்துக்கு இறக்கினால் மிதப்பு விசை கூடுமா? ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், ஆகவே விசையும் கூடும் என்று அடித்துச் சொன்னேன். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சொல்லச் சொன்னார். வெளியேற்றப்பட்ட நீரின் எடைக்குச் சமம் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். இரண்டும் முட்டிக்கொள்வதுகூட எனக்குத் தெரியவில்லை. பாஸ் போட்டு அனுப்பினார். பௌதிகம் நமக்கு ஆகாது என்று பாங்க் வேலைக்குப் போய்விட்டேன்.

ரிடையர் ஆனபின் பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது அதே கேள்வி வந்து நின்றது. இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. தேடிப் படித்தேன். கிடைத்தவர் பிளேஸ் பாஸ்கல்.

1623ல் பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். மூன்று வயதில் தாயை இழந்தார். அக்கா ஜில்பெர்த், தங்கை ஜாக்லீன். அப்பா எத்தியேன் தாமே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஆனால் கணிதம் மட்டும் இப்போது வேண்டாம் என்று புத்தகங்களைப் பூட்டி வைத்தாராம். பையன் 12 வயதில் தரையில் கரியால் கோடு போட்டு, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டானாம். அக்கா எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. அப்பாவின் வரிக்கணக்கு வேலையைக் குறைக்க 1642ல் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது 19.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. தலைவலி, வயிற்றுவலி என்று ஆயுள் முழுக்க அவஸ்தை.

இத்தாலியில் டோரிசெல்லி 1644ல் ஒரு சங்கதியை எழுதியிருந்தார். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால் முழுதும் இறங்காமல் ஓர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதைத் தாங்குவது வெளிக்காற்றின் எடை என்பது அவர் கருத்து. பெரிய பெரிய அறிஞர்களே ஒப்பவில்லை. பாஸ்கல் யோசித்தார். காற்றும் ஒரு கடல் என்றால், நாம் அதன் அடியில் இருக்கிறோம். மலைமேல் ஏறினால் ஆழம் குறையும், பாதரசமும் இறங்க வேண்டும்.

மலைக்கு எங்கே போவது? அவர் இருந்தது பாரிஸில், உடம்போ அப்படி. அக்காவின் கணவர் பெரியர் கிளெர்மோனில் இருந்தார். ஊரை ஒட்டியே பியூய் டி டோம் மலை. 1647 நவம்பரில் அத்தானுக்குக் கடிதம் போட்டார். வேலை, வானிலை எல்லாம் ஒத்துவர பத்து மாதம் ஆயிற்று. 1648 செப்டம்பர் 19 அன்று பெரியர் ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு புறப்பட்டார். முதலில் ஊரில் தாழ்ந்த இடமான ஒரு மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களையும் பார்த்தார்கள். இரண்டிலும் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றை அங்கேயே வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஷாஸ்தேன் என்ற துறவியிடம் ஒப்படைத்தார்கள். மற்றதோடு மலை ஏறினார்கள். உச்சியில் 23 அங்குலத்துக்குச் சற்று மேல்! வெயில், காற்று, மூடுபனி என்று இடம் மாற்றி மாற்றி ஐந்து தடவை பார்த்தும் அதே அளவு. கீழே வந்து விசாரித்தால், துறவி பார்த்த குழாயில் ஒரு மாற்றமும் இல்லை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மேலே எடுத்த அளவு மட்டும் இருந்தால் அன்றைக்கு வானிலை மாறியிருக்கும் என்று தள்ளிவிடலாம். கீழே ஒருவர் நின்றதால்தான் வித்தியாசம் நிலைத்தது.

என் வைவா கேள்விக்கும் விடை இந்த வித்தியாசம்தான். திரவச் சமநிலை பற்றிய நூலில் பாஸ்கலே இதை விளக்கியிருக்கிறார். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை, மேல்முகம் 20 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி தண்ணீரில் அமிழ்த்துவோம். மேல்முகத்தைத் தண்ணீர் கீழே அழுத்துவது 2 கிலோ எடை. அடிமுகம் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் மேலே தள்ளுவது 3 கிலோ. மிச்சம் 1 கிலோ. அதையே 5 மீட்டருக்கு இறக்குங்கள். மேலே 50 கிலோ, கீழே 51 கிலோ. மிச்சம் அதே 1 கிலோ! அந்தக் கட்டி இடத்தை அடைத்துக்கொண்ட ஒரு லிட்டர் தண்ணீரின் எடையும் அதுவே. நான் அழுத்தத்தைப் பார்த்தேன், வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. பேரன் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டான். எனக்குத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

பாஸ்கல் 1654க்குப் பிறகு பெரும்பாலும் சமய சிந்தனையில் ஆழ்ந்தார். 1662 ஆகஸ்ட் 19ல் காலமானபோது வயது 39தான். அந்தத் திரவ நூல் அச்சானதே மறுவருடம். அழுத்தத்தின் அலகுக்கு 1971ல் அவர் பெயரை வைத்தார்கள். மலை ஏறிய அத்தானையும், ஏறாமல் காத்திருந்த துறவியையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் செட்டிலும் தூர தேசம் போய் உயர்ந்தவர்கள் உண்டு, இந்த ஊரிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. சந்திப்பு என்றால் ஹால் பிடிப்பதும், முகவரி தேடிக் கடிதம் போடுவதும் இவர்கள்தான். ஏறிப் போனவர்களே, வரும்போது முதலில் அவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். நாம் எவ்வளவு உயரம் போனோம் என்பதை அவர்களை வைத்துத்தானே அளக்கிறோம்!