நாற்காலியைப் பங்கிட்டவர்

அரியணை ஏறியவர், அதில் அடுத்தவருக்கும் இடம் விட்டதுண்டா, தோழர்களே? உண்டு! தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில், ஹோசே பாட்ஜே!

பேனா பிடித்த பெருமகன் அவர். 1886-இல் ‘எல் தியா’ நாளேட்டைத் தொடங்கினார். 1903-இல் குடியரசுத் தலைவரானார். 1911-இல் மீண்டும் ஆனார். பாட்டாளிக்கு எட்டு மணி நேர வேலை என்னும் சட்டம், அவர் முயற்சியால் 1915-இல் கனிந்தது.

செல்வாக்கின் சிகரத்தில் நின்றவர், 1913-இல் செப்பியது என்ன? ஒருவர் கையில் ஆட்சி வேண்டாம். ஒன்பதின்மர் குழு ஆளட்டும் என்றார். சுவிட்சர்லாந்தில் எழுவர் கூடி ஆள்வதைக் கண்டு வந்தவரல்லவா! சொந்தக் கட்சியே பிளந்தது. 1916 தேர்தலில் தோல்வி. துவண்டாரா? இல்லை! அவர் அணி எதிர்க்கட்சியோடு உடன்பாடு கண்டது. 1919-இல் பாதி வெற்றி: கல்வி, நிதி, பொதுப்பணி குழுவுக்கு, படையும் போலீசும் தலைவருக்கு. குழுவில் மூன்றிலொரு பங்கு எதிர்க்கட்சிக்கு! தனித்து ஆண்டவர், 1921-இல் அதன் தலைமையை ஏற்று, ஒன்பதின்மரில் ஒருவராய் அமர்ந்தார்.

1929-இல் மறைந்தார். 1933-இல் தலைவர் தெர்ரா, தம் கையில் விட்டுவைத்த போலீசைக் கொண்டே குழுவைக் கலைத்தார். 1952-இல் முழுக் குழுவாட்சி வந்தது. இழுபறி கண்டு சலித்த மக்கள், 1966 வாக்கெடுப்பில் அதனை முடித்தனர்.

பாடம் என்ன? கூடி ஆள்வது கடினம்தான். ஆனால், குழுவை அமைத்துவிட்டுத் தடியை மட்டும் ஒருவரிடம் தருவது, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கள்வனிடம் தருவதே! சங்கமாயினும் சர்க்காராயினும், பங்கிடுவதென்றால் சாவியையும் பங்கிடுக!