மறைக்காமல் சொன்ன டென்னிஸ் வீரர்

அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரப் பூங்காப் பராமரிப்பாளரின் மகனாக 1943-ல் பிறந்தவர் ஆர்தர் ஆஷ். 1975-ல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண் இவரே.

1983-ல் இருதய ஆபரேஷனின்போது ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றியது. 1988-ல்தான் அவருக்கே தெரிந்தது. 1992-ல் பத்திரிகையில் வெளியாகும் நிலை வந்ததும், தாமே உலகறியச் சொன்னார். நோய் பற்றி மேடைகளில் விளக்கினார். 1993-ல் 49 வயதில் காலமானார்.

பலன் தரும் கூட்டு மருந்து 1996-ல் வந்தது. இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் அது இலவசம். ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம். உடம்பு தேறிவிட்டதென்று விட்டுவிட்டுச் சாப்பிட்டால், கிருமி மருந்துக்கு அடங்காது.

ஊருக்கு ரயில் ஏறும்போது, லீவு நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை பையில் இருக்கட்டும். ஆஷுக்குக் கிடைக்காத மருந்து அது.