பென்சில் கரியில் ஒளிந்திருந்த இயற்பியல்

ராமன் விளைவு பேசப்படும் இடங்களிலெல்லாம் கே.எஸ். கிருஷ்ணனின் பெயர் ஓர் ஆதங்கத்துடனேயே சொல்லப்படுகிறது: நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டாமா? தென்காசியில் இயற்பியல் கற்பிக்கும் நான் இக்கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கிடைக்காத பரிசைக் கொண்டு அவரை அளப்பது, அவர் செய்துமுடித்த பெரும்பணியை மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். குற்றால அருவிகளைத் தரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே, சற்று வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் அமைந்த ஊர் அது. அன்று அவ்வூரும் தென்காசியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கிருஷ்ணன், படிகங்களின் காந்தவியலைத் தமக்குரிய துறையாக வகுத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போவார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படிகம் சட்டெனத் திரும்பிவிடும். திசைக்குத் திசை அதன் காந்தத் தன்மை எவ்வளவு மாறுகிறது என்பதை அக்கோணத்திலிருந்தே கணக்கிட்டார்.

1933இல் கல்கத்தா திரும்பியபின், கங்குலி என்ற ஆய்வாளருடன் அவர் ஆராய்ந்த பொருள் கிராஃபைட். நம் பென்சிலில் உள்ள கரிதான் அது. அதில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஓர் எலெக்ட்ரானை அடுக்குக்குள் உலவ விடுகிறது. ஆகவே அடுக்கின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. அடுக்குகளுக்குக் குறுக்கே மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு மிகுகிறது. அடுக்குக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைச் செலுத்தினால், எலெக்ட்ரான்கள் அத்தளத்திலேயே சுழன்று அப்புலத்தை எதிர்க்கின்றன. புலம் அடுக்குக்கு இணையாக இருந்தால் அவ்வாறு சுழல இடமில்லை. எதிர்ப்பும் மிகச் சிறிதே. தளத்துக்குள் மட்டும் உலவும் எலெக்ட்ரான்கள் என்ற கருத்தைக் கொண்டு, காந்தத்தையும் மின்னோட்டத்தையும் இருவரும் ஒருங்கே விளக்கினர்.

அந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து, 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஆராய்ந்தனர். கிராஃபீன் எனப்படும் அதன் தடிமன் ஏறத்தாழ 0.34 நானோமீட்டர். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓரணுத் தடிமன் கொண்ட கடத்தியில் இன்று கேட்கப்படும் கேள்விகளின் வேர்களுள் ஒன்று, கிருஷ்ணனின் குவார்ட்ஸ் இழையில் இருக்கிறது.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபின், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961 ஜூன் 14 அன்று மறைந்தார்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில், நம் பள்ளிகள் ராமனோடு கிருஷ்ணனையும் நினைவுகூர வேண்டும். அதுவும் அனுதாபத்தோடு அல்ல, ஒரு சோதனையோடு. தாளில் பென்சிலால் அழுத்திப் பட்டையாகத் தீட்டி, அதன் வழியே 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கையும் இணைத்தால், விளக்கு மங்கலாக ஒளிரும். அந்த வெளிச்சத்தில் தொடங்கலாம் கிருஷ்ணனின் கதையை.