கிறிஸ் மார்க்கர்

கிறிஸ் மார்க்கர் (ஜூலை 29, 1921 – ஜூலை 29, 2012) பிரான்சு நாட்டைச் சேர்ந்த திரைப்பட இயக்குனர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர், கணினிக் கலைஞர் ஆவார். நிலைப்படங்களைக் கொண்டே உருவாக்கப்பட்ட லா ஜெத்தே (1962) என்னும் குறும்படமும், சான் சொலேய் (1983) என்னும் கட்டுரைத் திரைப்படமும் இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன. 86 வயதில், செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் ஊவ்ருவார் என்ற தீவுக்கூட்டத்தில் தமது கலைப்படைப்புகளுக்கென ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். மெய்நிகர் உலகில் கலை படைத்துக் காட்சிப்படுத்தியோருள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இளமைக் காலம்

இவரது இயற்பெயர் கிறிஸ்தியான் பிரான்சுவா பூஷ்-வில்நெவ். பாரிசு நகரை அடுத்த நெய்யி-சுர்-சேன் என்னும் ஊரில் பிறந்தார். மங்கோலியாவின் உலான் பத்தூரில் பிறந்ததாகச் சில நூல்களில் காணப்படும் செய்தி, தம்மைப் பற்றி இவரே பரப்பிய கதைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றார். போருக்குப் பின் இதழ்களில் எழுதினார். 1949இல் இவரது புதினம் வெளிவந்தது. 1950களில் செய் பதிப்பகத்துக்காக பெத்தித் பிளானெத் என்ற பயண நூல் வரிசையைத் தொடங்கி, அதன் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார்.

தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதை இவர் தவிர்த்தார். நேர்காணல்களுக்கு அரிதாகவே இசைந்தார். ஒளிப்படம் கேட்டவர்களுக்குத் தமது படத்திற்குப் பதிலாகப் பூனையின் படத்தை அனுப்புவது இவர் வழக்கம். கியோம் ஆன் எஜிப்த் என்று பெயரிடப்பட்ட அந்தப் பூனை பின்னாளில் இவருடைய கேலிச்சித்திர உருவமாகவே மாறியது.

திரைப்படங்கள்

அலன் ரெனே, கிஸ்லான் குளோக்கே ஆகியோருடன் இணைந்து உருவாக்கிய லே ஸ்தாத்யு மூர் ஓசி (1953) என்னும் ஆவணப்படம் இவரது தொடக்ககாலப் படைப்புகளுள் முதன்மையானது. இத்தலைப்பிற்குச் சிலைகளும் இறக்கின்றன என்பது பொருள். வழிபாட்டிலும் அன்றாட வாழ்விலும் இடம்பெற்றிருந்த ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளுக்குள் வந்தபின் உயிரிழந்து போகின்றன என்று இப்படம் வாதிட்டது. 1954இல் ழான் விகோ விருதைப் பெற்ற போதிலும், குடியேற்ற ஆட்சியைக் கண்டித்த காரணத்தால் பிரெஞ்சுத் தணிக்கைத் துறை இதன் முழு வடிவத்தைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தடுத்து வைத்தது.

28 நிமிடங்கள் ஓடும் லா ஜெத்தே, அணுப்போரால் அழிந்த பாரிசு நகரின் நிலத்தடியில் நிகழும் கதை. சிறுவயதில் விமான நிலையத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை மறக்க இயலாத ஒருவன், அந்த நினைவின் வலிமையாலேயே கடந்த காலத்திற்கு அனுப்பப்படுகிறான். அப்பெண் உறக்கத்திலிருந்து கண் திறக்கும் சில நொடிகள் நீங்கலாகப் படம் முழுவதும் நிலைப்படங்களே. 1995இல் வெளியான டுவெல்வ் மங்கீஸ் என்னும் ஆலிவுட் திரைப்படம் இக்கதையைத் தழுவியதாகும்.

சான் சொலேய் திரைப்படத்தில் உலகெங்கும் பயணம் செய்யும் ஒரு கற்பனை ஒளிப்பதிவாளரின் கடிதங்களை ஒரு பெண் வாசிக்கிறாள். அதில் வரும் ஜப்பானியக் கலைஞர் ஒருவர், ஆவணக் காட்சிகளை மின்னணுக் கருவியில் செலுத்தி, நிறங்களையும் வடிவங்களையும் கலைத்துவிடுகிறார். கடந்தகாலத்தை இப்போது நடப்பதுபோல் காட்டும் படங்களை விட, தாம் வெறும் படங்களே என்று ஒப்புக்கொள்ளும் படங்கள் நேர்மையானவை என்பது இதன் உட்கருத்து. மார்க்கரின் பிற்காலக் கணினிப் படைப்புகள் அனைத்திற்கும் இக்கருத்தே அடிப்படை எனலாம்.

கணினிப் படைப்புகள்

1980களில் மார்க்கர் கணினி நிரலாக்கத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டார். ஆப்பிள் II கணினியில் பேசிக் மொழியில் டயலெக்டர் என்ற உரையாடல் நிரலை 1988இல் எழுதினார். பயனர் தட்டச்சு செய்யும் சொற்களுக்கு ஏற்ப இந்நிரல் விடையளிக்கும். 1990இல் பாரிசின் பொம்பிடூ மையத்தில், பல தொலைக்காட்சிப் பெட்டிகளையும் கணினிகளையும் கொண்ட ஸாப்பிங் ஸோன் என்ற நிறுவல் கலைப்படைப்பைக் காட்சிப்படுத்தினார்.

1997இல் இரு முக்கியப் படைப்புகள் வெளிவந்தன. லெவல் ஃபைவ் திரைப்படத்தில், இறந்துபோன காதலன் முடிக்காமல் விட்டுச்சென்ற கணினி விளையாட்டை ஒரு பெண் முடிக்க முயல்கிறாள். 1945ஆம் ஆண்டு ஒகினாவா போரைப் பற்றிய விளையாட்டு அது. ஆனால் எந்தக் கட்டளையை இட்டாலும் வரலாறு மாற மறுக்கிறது. அப்போரில் பெருந்தொகையான பொதுமக்கள் மாண்டதை அவள் மீண்டும் மீண்டும் எதிர்கொள்கிறாள். முகமூடியணிந்து பிறர் உலாவும் ஒரு கற்பனை வலையமைப்பும் இப்படத்தில் இடம்பெறுகிறது. செகண்ட் லைஃப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இது வெளிவந்தது.

மற்றொரு படைப்பு இம்மெமரி என்னும் இறுவட்டு. ஒரு மனிதனின் நினைவகம் நிலப்படம்போல் இதில் விரிக்கப்பட்டுள்ளது. போர், பயணம், திரைப்படம், ஒளிப்படம், கவிதை, அருங்காட்சியகம் முதலிய பகுதிகளுக்குள் பயனர் தாம் விரும்பிய வழியில் செல்லலாம். கதைக்குத் தொடக்கமோ முடிவோ இல்லை. கியோம் பூனை ஆங்காங்கே தோன்றிக் குறுக்கு வழிகளைக் காட்டும்.

மெய்நிகர் உலகில் ஊவ்ருவார்

சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகைத் தொடங்கியது. இதில் நுழைபவர்கள் அவதாரம் எனப்படும் உருவத்தை ஏற்று நடக்கவும் பறக்கவும் பிறருடன் உரையாடவும் முடியும். வெற்றி பெற வேண்டிய இலக்கு எதுவும் இங்கு இல்லை. பயனர்களே பெட்டி, உருளை, கோளம் போன்ற அடிப்படை வடிவங்களை இணைத்துக் கட்டடங்களை எழுப்புகின்றனர். அவற்றின்மீது படங்களைப் போர்த்துகின்றனர். சிறு நிரல்களால் அவற்றை இயங்கச் செய்கின்றனர். கலைஞர்களுக்கு இது சுவரும் கூரையும் எடையற்ற ஒரு காட்சிக்கூடம் ஆயிற்று.

சூரிச் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2008இல் நடத்திய மார்க்கர் கண்காட்சியை ஒட்டி, வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மாக்ஸ் மொஸ்விட்சரின் துணையுடன் ஊவ்ருவார் உருவாக்கப்பட்டது. ஊவ்ருவார் என்ற பிரெஞ்சுச் சொல் பலர் கூடித் தையல் முதலிய கைவேலை செய்யும் கூடத்தைக் குறிக்கும். கடலில் அமைந்த அத்தீவுகளில் மார்க்கரின் ஒளிப்படங்களும், புகழ்பெற்ற ஓவியங்களுக்குள் கியோம் பூனையைப் புகுத்திய ஒட்டுப்படங்களும் வைக்கப்பட்டன. திரையரங்கம் ஒன்றும் இருந்தது. மார்க்கரின் அவதாரத்தின் பெயர் செர்கெய் முராசாகி.

முகம் காட்ட மறுத்த கலைஞருக்கு அவதாரம் பெரிதும் பொருந்தியது. பிரெஞ்சு இதழ் ஒன்றுக்கு 2008இல் இவர் அளித்த அரிய நேர்காணல் செகண்ட் லைஃப் உலகிலேயே நிகழ்ந்தது. 2009இல் அமெரிக்காவின் ஆர்வர்ட் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் கூடியிருந்த பார்வையாளர்களுக்கு, தமது அருங்காட்சியகத்தை அவதார உருவில் நேரடியாகச் சுற்றிக்காட்டினார். பூனை வழிகாட்டியாக வரும் ஊவ்ருவார் தெ மூவி என்ற படத்தை 2010இல் உருவாக்கினார்.

நிலைத்தன்மை

அருங்காட்சியகத்தில் பொருட்கள் இறக்கின்றன என்று 1953இல் எச்சரித்தவரே தமக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தது கவனத்திற்குரியது. ஊவ்ருவாரில் கண்ணாடிப் பேழைகள் இல்லை. வருபவர்கள் அங்கே ஒருவரையொருவர் சந்திக்கலாம். ஆயினும் அதன் உயிர் வேறொன்றைச் சார்ந்துள்ளது. செகண்ட் லைஃப் உலகில் நிலம் என்பது ஒரு நிறுவனத்தின் வழங்கிகளில் ஒதுக்கப்படும் இடமேயாகும். அதற்குரிய கட்டணம் நின்றால் தீவும் மறையும். கல்லில் வடித்த சிலை பார்ப்பாரின்றியும் நிற்கும். எண்முறைப் படைப்போ இயக்குவாரின்றி இருப்பதே இல்லை.

மார்க்கரின் மற்றக் கணினிப் படைப்புகளுக்கும் இது பொருந்தும். பழைய மக்கின்டோசு கணினிகளுக்காக ஆக்கப்பட்ட இம்மெமரி இறுவட்டை இன்றைய கணினிகளில் நேரடியாக இயக்க முடியாது. டயலெக்டர் நிரலை ஆர்வலர்கள் மீட்டெடுத்து மீண்டும் இயங்கச் செய்தனர். மூல நிரல் எஞ்சியிருந்ததே அதற்கு உதவியது.

இறப்பும் நினைவும்

மார்க்கர் தமது 91ஆவது பிறந்தநாளன்று பாரிசில் காலமானார். பொம்பிடூ மையம் 2013இல் இவர் நினைவாகப் பெரும் நிகழ்வு ஒன்றை நடத்தியது. இவர் விட்டுச்சென்ற ஆவணங்கள் பிரெஞ்சுத் திரைப்பட ஆவணக்காப்பகமான சினிமாத்தெக் பிரான்சேசிடம் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு 2018இல் அங்கு ஒரு கண்காட்சி நடைபெற்றது.

முக்கியப் படைப்புகள்

லே ஸ்தாத்யு மூர் ஓசி (1953) – ஆவணப்படம்
லா ஜெத்தே (1962) – குறும்படம்
லெ ஜொலி மே (1963) – ஆவணப்படம்
சான் சொலேய் (1983) – கட்டுரைத் திரைப்படம்
டயலெக்டர் (1988) – கணினி நிரல்
ஸாப்பிங் ஸோன் (1990) – நிறுவல் கலை
லெவல் ஃபைவ் (1997) – திரைப்படம்
இம்மெமரி (1997) – இறுவட்டு
ஊவ்ருவார் (2008) – மெய்நிகர் அருங்காட்சியகம்