மண்ணின் உயிரை உணர்த்திய அறிஞர்

மண்ணை உயிரற்ற பொருளென்று எண்ணுவோர் பலர். உண்மையில், வளமான நிலத்தினின்று அள்ளிய ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவை உதிர்ந்த இலைதழைகளை மட்கச் செய்து, பயிருக்கு உணவாக்குகின்றன. இவ்வுண்மையையே உழவின் அடிப்படையாகக் கொண்டு, நம் நாட்டில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

இவர் 1873 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உழவர் குடியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின், மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய்களை ஆராயும் பணியை ஏற்றார். தாம் பயிரிட்டுக் காணாத ஒன்றைப் பிறர்க்கு அறிவுரையாகக் கூறுதல் தகாது என்பதை ஆங்கு உணர்ந்தார்.

1905 ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். அப்பகுதி உழவர்கள் நஞ்சு தெளிக்காமலே நோயற்ற பயிர் விளைவித்தலைக் கண்டு வியந்தார். ஆளும் இனத்தவர் என்னும் செருக்கின்றி, அவ்வுழவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டார். நலிந்த மண்ணில் விளைந்த பயிரையே பூச்சியும் நோயும் நாடுகின்றன என்பது அவர் கற்ற பாடம்.

1924 ஆம் ஆண்டில் இந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். பயிர்க்கழிவு, சாணம், கோமூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, காற்றுப் புகுமாறு இடையிடையே புரட்டிவிடச் செய்தார். முதலில் பூசணங்களும் பின்னர் பாக்டீரியாக்களும் பெருகி, ஏறத்தாழ மூன்று திங்களில் அக்குவியல் நல்லெருவாயிற்று. இது இந்தூர் முறை எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவிற்று. இப்பணிகளில் துணைநின்ற தாவரவியல் அறிஞரான அவர்தம் மனைவி கேப்ரியல் 1930 ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்டு ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணத்தின் பயனை அவர் வற்புறுத்தினார். செயற்கை உரத்தையே நம்பிய அறிஞர் பலர் அவரை மறுத்தனர். அவர் கூறியன யாவும் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன என்றல் இயலாது. எனினும், வேர்ப்பூசண இழைகள் வேர் எட்டாத இடத்தினின்றும் மணிச்சத்தையும் நீரையும் பயிருக்குக் கொணர்கின்றன என்பதை இன்றைய அறிவியல் உறுதி செய்துள்ளது. மட்கு நிறைந்த மண் மழைநீரை நெடுநாள் தாங்கி நிற்கும். உலகின் வெப்பம் உயர்ந்து, பருவமழை முறை திறம்பிவரும் இக்காலத்தில் இவை உழவருக்குப் பெருந்துணையாம்.

அவர் 1947 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்வு வேலூர், ஆம்பூர்ப் பகுதி மாணவர்க்கு ஒரு சிறப்பான பாடமாகும். தோல் பதனிடும் தொழில் இங்குப் பல்லாயிரவர்க்குச் சோறிடுகின்றது. ஆயினும், அதன் கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரை நிலங்களையும் கெடுத்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்னும் ஆய்வு முடிவை, உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டிற்று. உப்பும் குரோமியமும் மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்களும் நலிவுறும். எருவிட்டதனால் மட்டும் அந்நஞ்சு நீங்கிவிடாது. ஆதலின், கழிவைத் தூய்மை செய்தல் முதற்கடமை. மண்ணுக்கு மட்கு அளித்தல் அடுத்த கடமை. தொழிலும் உழவும் ஒருங்கே வாழ, மண்ணை உயிருடைப் பொருளாகப் போற்றுவோமாக.