நட்டாலத்து நீலகண்டன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையிலே, ஒற்றசேகரமங்கலம் முதலிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலம் அயலூரன்று. அவ்வூரில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். பின்னாளில் தேவசகாயம் பிள்ளை எனப் புகழ்பெற்ற அவரைப் பற்றிப் பேசுவோர் அவர் பட்ட அடிகளையே விரித்துரைப்பர். அவற்றிற்கு முன்னே அவர் கேட்ட கதையொன்றைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றேன்.

நீலகண்டன் மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். 1741இல் குளச்சற் போரிலே டச்சுப் படை தோற்றது. அப்போது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சியளிக்கலானார். அலுவல் காரணமாக இருவருக்கும் உண்டான பழக்கம் நட்பாக வளர்ந்தது.

அந்நாளில் நீலகண்டனின் கால்நடைகள் மடிந்தன, பொருளும் அழிந்தது. வாடிய முகத்தைக் கண்டு காரணம் வினவிய டிலனாய், ஆறுதல் மொழிகளை அடுக்காமல், வேதத்திலுள்ள யோபுவின் வரலாற்றைச் சொன்னார். மந்தைகளையும் மக்களையும் ஒருநாளிலே இழந்து, உடலும் புண்ணாகி, அப்போதும் இறைவனை விடாத ஒருவனின் வரலாறு அது. செல்வம் கொழித்த நாளில் கேட்டிருந்தால் அந்நிய தேசத்துக் கதையென்று மறந்திருப்பார் என்றே நான் கருதுகின்றேன். இழப்பு அவர் நெஞ்சை ஆழ உழுது வைத்திருந்தது. கேட்டதோடு நில்லாமல், மேலும் மேலும் வினவலானார். தமிழிலே புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது 1715இல்தான். வீட்டுக்கு வீடு வேதப்புத்தகம் இருந்த காலமன்று. அவருக்கு வேதம் செவி வழியாகவே வந்தது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் பொருளே தேவசகாயம். மனைவி பார்கவியம்மாளும் ஞானப்பூ ஆனார்.

1749இல் சிறைப்பட்டார். அரச துரோகமே குற்றம் என்பாரும், மதம் மாறியதே குற்றம் என்பாரும் உளர். எருமை மீது பின்னோக்கி இருத்தி ஊரூராகக் கொண்டு சென்றனர். அடித்த புண்ணிலே மிளகாய் பூசினர். யோபுவின் இழப்பை முன்னமே அறிந்திருந்தவர், இப்போது அவனுடைய புண்களையும் தம் உடலிலே கண்டார். பெருவிளையில் வேப்பமரத்தடியில் கட்டுண்டு கிடந்த நாட்களிலும் தம்மைக் காண வந்தோர்க்கு அவரே ஆறுதல் கூறினாராம். சங்கிலியில் கிடப்பவர் பிறரைத் தேற்றுவது எளிதா? கதை அவ்வளவு ஆழமாக வேர்கொண்டிருந்தது.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியிலே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் ரயிலில் ஆரல்வாய்மொழி நிலையத்தில் இறங்கினால் அவ்விடத்தைக் கண்டு வரலாம். எஞ்சிய எலும்புகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றன. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தியபோது சாதிப்பெயரை நீக்கித் தேவசகாயம் என்றே அழைத்தனர். அது மிகவும் பொருந்தும்.

கதை சொன்ன டிலனாய் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்து 1777இல் மறைந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ளே இருக்கின்றது; அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.